ரொட்டி வண்டியில் போன ரோந்து

போலீஸ்காரன் கையில் புதுச் சாமான் ஒன்றைக் கொடுத்தால், அது திருடனைப் பிடிக்கவா, போலீஸ்காரனைப் பிடிக்கவா என்று முதலில் கேட்க வேண்டும். சார்ஜென்ட் ரங்கெல் கேட்டார். வாய்விட்டு இல்லை, மனசுக்குள். மாவட்டத் தலைமையகத்தில் எல்லாருக்கும் புது வாக்கிடாக்கி கொடுத்த அன்று, தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ஒரு மழமழப்பான பையன் மேடையில் நின்று சொன்னான்.

"இனிமே நீங்க எங்க நிக்கிறீங்கன்னு கட்டுப்பாட்டு அறைத் திரையில தெரியும். ஒரு புள்ளியா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

பாதுகாப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் ரங்கெல் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரோடொப்பி மலையில் போலீஸுக்கு மிலீஷியா என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். அப்போது கெஸ்தெனிட்சா கிராமத்துக்கு ஊர்மன்றத்தில் ஒரே ஒரு போன். கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் அம்மாள் எடுப்பாள், இணைப்புக் கொடுப்பாள், கடைசிவரை கேட்பாள். போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் வீட்டுக்குப் போயிருக்கும்.

பிறகு ஜீப்பில் ரேடியோ வந்தது. அடுப்பு அளவு பெட்டி. உள்ளே வால்வு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். பேசினால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் என்ஜினை அணைக்கக் கூடாது. பள்ளத்தாக்கில் ஒன்றும் கேட்காது, தேவாலயக் குன்றின் மேல் ஏற்றினால்தான் கேட்கும். மரம் வெட்டித் திருடுகிறவனைக் கண்ணால் பார்த்தாலும், முதலில் குன்றுக்கு ஓட்டி, வால்வைச் சூடாக்கி, தகவல் சொல்லித் திரும்ப வேண்டும். அதற்குள் திருடன் மரத்தை விற்று, அந்தக் காசில் குடித்து, போதையும் தெளிந்திருப்பான். ஒருநாள் அந்தப் பெட்டியில் பெரிய அதிகாரியின் தொப்பையைப் பற்றி ரங்கெல் ஒரு சின்ன வேடிக்கை சொன்னார். மறுநாள் தலைமையகத்தில் நாற்காலி கொடுக்காமல் நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து ரேடியோவில் அவர் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆட்சி மாறியது. சட்டையின் நிறம் மாறியது. கைக்கு ஒரு செங்கல் வந்தது. செங்கல் என்றால் செங்கல்தான், அவ்வளவு கனம், மேலே ஒரு முழ நீளக் கம்பி. மலை மேல் ஒரு கோபுரம் நட்டிருந்ததால் பாதி இடங்களில் கேட்கும். ஆனால் போலீஸுக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேட்கும். காபிக்கடை யுர்தானின் மச்சான் எலெக்ட்ரீஷியன். கடை ரேடியோவை அவன் ஒரு திருகு திருகிவிட, போலீஸ் பேச்சு முழுக்கக் காபிக்கடையில் ஒலித்தது. அதற்காகப் போலீஸார் பரிபாஷை வைத்துக்கொண்டார்கள். மர லாரி வருகிறது என்றால் "பாலாடைக்கட்டி தயார்" என்று சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் ஊர் முழுக்கப் புரிந்துகொண்டது. புரியாத ஒரே ஒரு கிழவி பாத்திரத்தோடு ஸ்டேஷனுக்கு வந்து, கிலோ என்ன விலை என்று கேட்டாள்.

இப்போது இந்தப் புதுச் சாமான். உள்ளங்கையில் அடங்கியது. பேசுவது யாருக்கும் கேட்காது, கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும்தான். முன்பு ஊரே கேட்டது, ஒருத்தரும் பார்க்கவில்லை. இப்போது ஒருத்தர்தான் கேட்கிறார், ஆனால் விடாமல் பார்க்கிறார். எது மோசம் என்று ரங்கெலைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

இன்னொன்றும் இருந்தது. சாமான் சாய்ந்து, அசையாமல் கிடந்தால், ஆள் விழுந்துவிட்டான் என்று அதுவே முடிவு செய்து கட்டுப்பாட்டு அறையில் அலறும். முதல் மாதத்தில் மேசை மேல் படுக்கவைத்த சாமான்கள் எல்லாம் அலறின. எல்லாரும் திட்டு வாங்கினார்கள். அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது: சாமான் அலறினால், கட்டுப்பாட்டு அறை முதலில் ஆளின் போனுக்குக் கூப்பிடும். "தவறா படுக்க வச்சிட்டேன்" என்று ஆள் சொன்னால் விஷயம் முடிந்தது.

மாவட்டத் தலைவர் ஓர் உத்தரவும் போட்டார். ஒவ்வொரு சார்ஜென்டின் புள்ளியும் தினமும் காலையில் தன் எல்லையில் உள்ள குடியிருப்புகள் எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டும்.

ரங்கெலின் எல்லையில் மலைச் சரிவில் சிதறிய குடியிருப்புகள். ஒன்றில் நாலு வீடு, ஒன்றில் ரெண்டு. அவருக்கு முழங்கால் வலி. ஜீப்பின் டயர் வழுக்கைத் தலை. வருகிற இளவேனிலில் அவருக்கு ஓய்வு. அதே குடியிருப்புகளுக்குத் தினமும் காலையில் போகிற ஆள் ஒருவன் ஏற்கெனவே இருந்தான், ரொட்டி வண்டி ஷாபன். நகரத்து அடுமனையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கெஸ்தெனிட்சா வந்து, காபி குடித்துவிட்டு, மேலே ஏறுவான். ஒவ்வொரு குடியிருப்பிலும் நின்று ஹாரன் அடிப்பான். ஒரு சார்ஜென்ட் எவ்வளவு நேரம் நின்றால் நியாயமோ அவ்வளவு நேரம் நிற்பான்.

"டேய் ஷாபன், இதை உன் வண்டியில மாட்டிக்க" என்றார் ரங்கெல் ஒருநாள்.

ஷாபன் சாமானை முன்னும் பின்னும் திருப்பினான். "என்ன அண்ணே, என்னை வேவு பார்க்கவா?"

"உன்னை எவன்டா பார்ப்பான்? என்னைத்தான் பார்க்கிறாங்க. நேரா தொங்கவிடு, சாயக் கூடாது. கூப்பிட்டா 'கேட்டது'ன்னு மட்டும் சொல்லு. தொண்டை கட்டின மாதிரி சொல்லு."

"சம்பளம்?"

"காபி."

"சர்க்கரை போட்டா?"

"போடா."

அன்றிலிருந்து சார்ஜென்டின் புள்ளி மலையெல்லாம் சுற்றியது. சார்ஜென்ட் யுர்தான் கடையில் கணப்புப் பக்கம் உட்கார்ந்து பகடை உருட்டினார். தலைவர் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, "ரங்கெலைப் பாருங்க. இந்த வயசுல, அந்தக் காலை வச்சுக்கிட்டு" என்று புகழ்ந்தார். ரங்கெல் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். ஷாபனிடம் இதைச் சொன்னபோது, "பதக்கம் குடுத்தா வண்டி முன்னாடி மாட்டிடுவேன்" என்றான்.

பிப்ரவரியில் ஒரு காலை. முந்தின நாள் பனி லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்திருந்தது. மேலே மூடுபனி. ஷாபன் காபியைக் குடித்து எழுந்தபோது ரங்கெல் சொன்னார்: "இன்னைக்குப் போகாதடா. ரோடு கண்ணாடி."

"மேல இருக்கிறவங்க ரொட்டி தீர்ந்து நேத்தே மாவு மூட்டையைத் தட்டிப் பார்த்திருப்பாங்க அண்ணே. நான் போகலேன்னா உன் புள்ளியும் போகாது. தலைவர் அழுவார்."

சிரித்துக்கொண்டே போனான்.

ரங்கெல் யுர்தானோடு இரண்டாவது ஆட்டத்தில் இருந்தபோது அவர் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை. நெவெனா என்ற பெண். அவளை அவர் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். அந்தக் குரலை அவர் நம்பவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவளை எப்படி நம்புவது?

"சார்ஜென்ட் ரங்கெல், உங்க செட்டு சாஞ்சு கிடக்குதுன்னு எச்சரிக்கை வருது. விழுந்துட்டீங்களா?"

"இல்லையே" என்றார் ரங்கெல். வாய் தானாகச் சொன்னது.

"அப்பாடா. குரல் தெளிவா இருக்கு, தொண்டைக்கட்டு சரியாயிடுச்சு போல. தவறா படுக்க வச்சிட்டீங்கன்னு எடுத்துக்கவா? ஆனா புள்ளி ரோட்டு மேல இல்ல. ஓநாய் வளைவுக்குக் கீழ, காட்டுக்குள்ள காட்டுது. அங்க எதுக்கு இறங்கினீங்க?"

ரங்கெல் பகடையைக் கையில் வைத்திருந்தார். கீழே போட மறந்துவிட்டார். ஓநாய் வளைவுக்குக் கீழே யாரும் இறங்க மாட்டார்கள். அங்கே இறங்க வழியில்லை, விழத்தான் முடியும்.

ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மனுஷன் எவ்வளவு யோசிக்க முடியும் என்று அன்று அவருக்குத் தெரிந்தது. ஆமாம் பெண்ணே, தவறாகப் படுக்க வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். போனை வைத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே போகலாம். ஷாபனைத் தூக்கிவரலாம். யாருக்கும் தெரியாது. வேலை தப்பும், ஓய்வூதியம் தப்பும், கூட்டத்தில் வாங்கிய புகழ் தப்பும். வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தானே பிழைத்தார்.

ஆனால் அந்த வழுக்கை டயரில் வளைவு வரை போவதற்கே எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? ஷாபன் ரத்தம் ஒழுகிக் கிடந்தால்? வண்டி அவன் மேல் கிடந்தால்? நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம். அவர் போய்ப் பார்த்து, போன் எடுக்காத அந்த இடத்திலிருந்து மேலே ஏறி, பிறகு கூப்பிட்டால், அந்த ஒரு மணி நேரம் அப்போதுதான் தொடங்கும்.

"சார்ஜென்ட், இருக்கீங்களா? எச்சரிக்கையை நீக்கிடவா?"

"நீக்காத" என்றார் ரங்கெல். "அது நான் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நான் காபிக்கடையில உக்காந்திருக்கேன். செட்டு ரொட்டி வண்டியில இருக்கு. தினமும் அதுலதான் இருக்கு. ஷாபன் விழுந்துட்டான். ஆம்புலன்ஸ் அனுப்பு, தீயணைப்பு வண்டி அனுப்பு, தூக்குற சாமானோட. என்னைப் பத்தி அப்புறம் எழுதிக்கோ."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நெவெனா கேள்வி ஒன்றும் கேட்காமல், "அனுப்பிட்டேன். நீங்க போங்க" என்றாள். திட்டவில்லை. ரங்கெலுக்கு அது அப்போது உறைக்கவில்லை, பிறகுதான் உறைத்தது.

யுர்தான் கயிறும் கோடாரியும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். டயருக்குச் சங்கிலி கட்டி, ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். ஓநாய் வளைவில் சாலையோரக் கல் ஒன்று பெயர்ந்திருந்தது. கீழே பனியில் ஒரு பெரிய கீறல். அந்தக் கீறல் நெடுக ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. பனியையும் மீறி அவற்றின் வாசனை வந்தது.

வண்டி ஒரு பெரிய மரத்தில் முட்டி ஒருக்களித்துக் கிடந்தது. ரங்கெல் முழங்காலை மறந்து, கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே இறங்கினார். உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை நுழைத்தார்.

ஷாபன் கண் திறந்திருந்தான். முகமெல்லாம் மாவும் ரத்தமும். இடுப்புக்குக் கீழே ரொட்டித் தட்டுகளின் இரும்புச் சட்டம் விழுந்து அழுத்தியிருந்தது.

"அண்ணே" என்றான். "உன் ரேடியோ ரொம்ப நேரமா ஷாபன், ஷாபன்னு கூப்பிடுது. கை எட்டல. அந்தப் பொண்ணுக்கு என் பேர் எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"கெட்டுது போ. காபியும் போச்சா?"

"வாயை மூடுடா. கால்ல உணர்வு தெரியுதா?"

"தெரியல. அதான் பயமா இருக்கு." அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

ரங்கெல் சாமானைத் தேடினார். ரொட்டிக் குவியலுக்கு அடியில், கீறல்கூட இல்லாமல், பச்சை விளக்கை எரித்துக்கொண்டு கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை அவர் அவ்வளவாகக் கையில் எடுத்ததே இல்லை. பொத்தானை அழுத்தினார்.

"நெவெனா, ரங்கெல் பேசுறேன். ஆள் உயிரோட இருக்கான். கால் நசுங்கியிருக்கு, ரத்தம் நிக்கல."

பள்ளத்தாக்கின் அடியில், மரங்களுக்கு நடுவே, மூடுபனிக்குள் நின்றுகொண்டு பேசினார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது போல் வந்தது. பழைய பெட்டியாக இருந்தால் குன்று தேட வேண்டும். செங்கலாக இருந்தால் கரகரப்புக்குள் கத்திக்கொண்டிருக்க வேண்டும். நெவெனா ஆஸ்பத்திரி டாக்டரை இன்னொரு போனில் வைத்துக்கொண்டு, எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், சட்டத்தை ஏன் இப்போது தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூக்கியிருந்தால் அவன் அங்கேயே போயிருப்பான் என்று டாக்டர் பிறகு சொன்னார். ரங்கெலும் யுர்தானும் தூக்கத்தான் கை வைத்திருந்தார்கள்.

"பெல்ட்டை அவுத்துக் கட்டிட்டேன். நின்னுடுச்சு" என்றார் ரங்கெல். "ஆம்புலன்ஸ் எங்க வருது?"

"ஆற்றோர ரோட்டுல."

"அதுல வர முடியாதே. பாலத்துக்கிட்ட மரம் விழுந்திருக்கு, முந்தாநாள்லேந்து கிடக்கு. மேல சுத்தி வரச் சொல்லு."

"மரம் விழுந்ததை எங்களுக்குச் சொல்லவே இல்லையே சார்ஜென்ட்?"

"ரொட்டி வண்டி அந்தப் பக்கம் போறதில்ல. புள்ளி போகாத இடத்தை நான் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?" என்றார் ரங்கெல்.

நெவெனா ஆம்புலன்ஸைத் திருப்பிவிட்டாள். அது வந்து சேரும் வரை ரங்கெல் ஷாபனின் தலையைத் தன் கோட்டில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவிடக் கூடாது என்று நெவெனா சொல்லியிருந்தாள். அதனால் இருவரும் சண்டை போட்டார்கள். கடைசி ஆட்டத்தில் யார் பகடையைத் திருப்பிவைத்தது என்ற சண்டை. ஷாபன் கண்ணைச் செருகும்போதெல்லாம் ரங்கெல் அவனைத் திருடன் என்பார். அவன் விழித்துக்கொண்டு பதில் சொல்வான்.

தீயணைப்புக்காரர்கள் சட்டத்தை அறுத்து, டாக்டர் ஊசி போட்டு, அவனைக் கயிறு கட்டிய தூக்குப்படுக்கையில் மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே கதவு மூடும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிய சத்தமும் கேட்டது. யுர்தான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

ரங்கெல் சாமானில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"பெண்ணே."

"சொல்லுங்க சித்தப்பா." அவள் சார்ஜென்ட் என்று சொல்லவில்லை.

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. நீ கூப்பிட்ட பாரு. அதுக்கு... நன்றி. உனக்கும் நன்றி, இந்தச் சனியனுக்கும் நன்றி."

"நன்றியெல்லாம் இந்தச் சேனல்ல பேசக் கூடாது சித்தப்பா. பதிவாகுது."

"பதிவாகட்டும்" என்றார் ரங்கெல்.

மாவட்டத் தலைவர் அவரை வரச் சொன்னார். நாற்காலி கொடுத்தார். பிறகு அந்த நாற்காலியில் உட்காரவே முடியாத அளவுக்குத் திட்டினார். கூட்டத்தில் தான் புகழ்ந்ததை எண்ணி எண்ணித் திட்டினார். வேலையை விட்டுத் தூக்குவார் என்று ரங்கெல் எதிர்பார்த்தே போயிருந்தார்.

"தூக்கத்தான் நெனச்சேன்" என்றார் தலைவர். "ஆனா அந்தப் பொண்ணு நெவெனா வந்து நின்னா. நீ ஒரு பொய் சொல்லியிருந்தா எச்சரிக்கையை நீக்கியிருப்பேன், அந்த ஆள் செத்திருப்பான்னு சொன்னா. பொய் சொல்லாததுக்காக ஒரு போலீஸ்காரனைத் தூக்கினேன்னு நாளைக்கு ஊர் சொல்லும். புகழ்ந்ததைத் திரும்ப வாங்கிக்கிறேன். இன்னொண்ணு. ஷாபன் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த ரொட்டியை நீ கொண்டுபோய்க் குடுக்கணும். ரோந்துன்னா அதுதான்னு நீயேதானே காட்டியிருக்க?"

ஜீப்புக்குப் புது டயர் கேட்கலாமா என்று ரங்கெல் யோசித்தார். கேட்டார். தலைவர் கதவைக் காட்டினார். ஆனால் அந்த வாரமே டயர் வந்தது.

ஷாபனின் காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்ன நாளில் ரங்கெல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஷாபனின் மனைவி எமினே அவர் கையைப் பிடித்து முத்தமிட வந்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என் கையை விடும்மா. அந்தச் செட்டை அவன் வண்டியில நான் எதுக்கு மாட்டினேன்னு தெரிஞ்சா துடைப்பத்தைத்தான் எடுப்ப."

"தெரியும் அண்ணே. உங்க சோம்பேறித்தனம் நல்லா இருக்கட்டும்" என்றாள் எமினே.

படுக்கையிலிருந்து ஷாபன் கேட்டான்: "மேல வோத்னி குடியிருப்புல ஹாரன் அடிச்சியா?"

"அடிச்சேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"மூணு அடிக்கணும் அண்ணே. ஒண்ணு அடிச்சா போலீஸ்னு கதவைச் சாத்திக்குவாங்க."

உண்மைதான். அன்று வோத்னியில் ஒருவரும் வரவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கெல் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருந்தார்.

மறுநாள் மூன்று அடித்தார். பெண்கள் வந்தார்கள். ஜீப்பில் வந்த ரொட்டி நசுங்கியிருக்கிறது, ஷாபன் இப்படிக் கொண்டுவர மாட்டான், டீசல் வாடை அடிக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரங்கெல் பதிலுக்குத் திட்டினார். இரு தரப்புக்கும் அது பிடித்திருந்தது.

அதற்கும் மேலே, கடைசிக் குடியிருப்பில், அவர் ஹாரனில் கைவைக்கும் முன்பே ஒரு கிழவி சாலையோரம் நின்றுகொண்டிருந்தாள். கழுத்துவரை கம்பளிச் சால்வை. இப்போதுதான் வீட்டை விட்டு வந்தவள் போல, மூக்குகூடச் சிவக்கவில்லை.

"சத்தமே போடலையே. நான் வர்றது எப்படித் தெரியும்?" என்றார் ரங்கெல்.

"என் பொண்ணு போன் பண்ணா. நகரத்துல போலீஸ்ல, திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற வேலை. உன் புள்ளி ஊத்துக்கிட்ட வந்ததும் தினமும் கூப்பிடுவா. அம்மா, ரொட்டி வருது, இப்பக் கிளம்பினாப் போதும்னு சொல்லுவா. குளிர்ல நிக்க வேண்டியதில்ல பாரு." கிழவி ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "ரொட்டி வண்டிக்கு நீ காவலா வர்றதா நெனச்சுக்கிட்டு இருந்தாளாம். வெகுளி."

ரங்கெல் ஜீப்புக்குள் குனிந்தார். இருப்பதில் நசுங்காத ரொட்டி ஒன்றைத் தேடி எடுத்து அவள் கையில் மாற்றிக் கொடுத்தார்.

"ஷாபன் பிழைச்சது கடவுள் செயல்" என்றாள் கிழவி.

"கடவுளுக்கு நன்றி சொல்லு. வேண்டாங்கல" என்றார் ரங்கெல். "சாயங்காலம் உன் பொண்ணு போன் பண்ணா அவகிட்டயும் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

கிழவி ரொட்டியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் வாசலைத் தாண்டும் வரை ரங்கெல் வண்டியைக் கிளப்பவில்லை.